பழைய காருக்கு கெட்டி ஆயில்தான் சரியா? ரெட்டிபாளையம் ரோடு சொல்லும் கணக்கே வேற!

"தம்பி, வண்டி ஒரு லட்சத்து எழுபதாயிரம் ஓடிருச்சு. இனிமே தண்ணி மாதிரி இருக்குற ஆயில் தாங்காது. கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்திடுவோமா?"

"நீங்க பார்த்து செய்ங்கண்ணே."

அரியலூர் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். முதல் தலைமுறையாக கார் வாங்கிய குடும்பங்களில் இன்று ஓடுவது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் டீசல், டிசையர், இண்டிகா விஸ்டா போன்ற வண்டிகள்தான். மகனோ மகளோ சென்னையில் வேலை பார்க்க, வண்டி ஊரில் அப்பா கையில் இருக்கும். சர்வீஸ் விஷயத்தில் முடிவெடுப்பது மெக்கானிக் அண்ணன்.

அவர் ஏமாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அந்த யோசனை சரியாகவே இருந்தது. அம்பாசடர் மாதிரியான பழைய டிசைன் இன்ஜின்களில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். தேயத் தேய இன்னும் கூடும். கெட்டி ஆயில் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும், சத்தமும் குறையும். ஆனால் அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. அந்த இன்ஜினுக்குப் பொருந்திய வைத்தியத்தை இன்றைய டர்போ டீசலுக்கும் செய்வதில்தான் சிக்கல்.

நம்பர் என்ன சொல்லுது?

டப்பாவில் இருக்கும் 'டபிள்யூ' என்பது வின்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், கடும் குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் குறிக்கும். 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிப்பார்கள். அரியலூரில் மார்கழிக் காலையில்கூட அந்தக் குளிருக்குப் பக்கத்தில் போக வாய்ப்பில்லை. அதற்காக முதல் எண் நமக்குத் தேவையே இல்லை என்று ஆகாது. இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடிகளில், எண் குறைவான ஆயில் சீக்கிரம் மேலே ஏறும். இன்ஜின் தேய்மானத்தில் கணிசமான பங்கு இந்த ஸ்டார்ட்டிங் நேரத்தில்தான் நடக்கிறது.

பின்னால் உள்ள எண், 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை. 30 கிரேடுக்கு இது 9.3-ல் தொடங்குகிறது, 50 கிரேடுக்கு 16.3-ல். ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு! 30 கிரேடு கேட்கும் இன்ஜினில் 50 கிரேடை ஊற்றினால், மெல்லிய வழிகளில் ஓட வேண்டியது தேன் மாதிரி நகரும். மைலேஜும் குறையும்.

ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா மூன்றிலும் இருந்தது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜின். பல கம்பெனி கார்களில் இதே இன்ஜின் ஓடியதால் 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்றே கிண்டலாகச் சொல்வார்கள். இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வேலை செய்வது ஆயில் பிரஷரில். டர்போவின் பேரிங் சுற்றுவதும் ஆயிலில்தான். பிஎஸ்-6 விதிகள் வந்த 2020 ஏப்ரலில் மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆக, ரோட்டில் ஓடும் ஒவ்வொரு ஸ்விஃப்ட் டீசலும் இப்போது பழைய வண்டிதான். கிரேடு விஷயத்தில் ஊகத்துக்கு வேலை இல்லை; க்ளவ் பாக்ஸில் கிடக்கும் மேனுவலைத் திறந்தால் போதும். சில மேனுவல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடுகளை அனுமதிக்கின்றன. வண்டி நிஜமாகவே ஆயில் குடித்தால், அந்தப் பட்டியலுக்குள் ஒரு படி கெட்டியானதைப் போடுவதில் தப்பில்லை. பட்டியலைத் தாண்டக் கூடாது.

வில்லன் தூசி

ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலை ஊர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். பல கோடி வருடங்களுக்கு முன் இந்தப் பகுதி கடலாக இருந்தது. பக்கத்தில் வாரணவாசியில் அதற்காகவே ஒரு புதைபடிம அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கடலின் மிச்சம்தான் இன்று லாரி லாரியாகப் போகிறது. பின்னால் போகும் காரின் கண்ணாடியில் வெள்ளையாகப் படிவதும் அதுவே.

உண்மையில் சுத்தமான சுண்ணாம்புக்கல் தூசி அவ்வளவு கடினமானது இல்லை, இரும்பைவிட மிருது. ஆபத்து, ரோட்டுப் புழுதியில் அதோடு கலந்து வரும் மணல் துகள். குவார்ட்ஸ் சிலிண்டர் இரும்பைவிடக் கடினம். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள், ஏர் ஃபில்டர் கிழிசல் வழியாக உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கில் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பிறகு ஆயிலில் கலந்து பேரிங் வரை போகும். மிக நுண்ணிய துகள்களில் ஒரு பகுதியை ஆயில் ஃபில்டராலும் பிடிக்க முடியாது. அதை வெளியேற்ற ஒரே வழி, ஆயிலோடு சேர்த்து வடிப்பது.

அதனால்தான் மேனுவல்களில் 'கடினமான சூழல்' என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். தூசி ரோடு, அடிக்கடி குறுகிய பயணம் இரண்டும் அதில் வரும். ஆயில் மாற்றும் இடைவெளி பெரும்பாலும் பாதியாகக் குறையும். ஆனால் சர்வீஸ் முடிந்து கண்ணாடியில் ஒட்டப்படும் ஸ்டிக்கரில் எல்லோருக்கும் அதே 10,000 கி.மீ.தான்! ஓ.எம்.ஆரில் ஓடும் வண்டிக்கும் சுரங்க லாரிகளுக்குப் பின்னால் ஓடும் வண்டிக்கும் ஒரே கணக்கு எப்படிச் சரியாகும்? சர்வீஸ் சென்டர்கள் ஊருக்கு ஏற்ற தேதியை எழுதிக் கொடுப்பதே நியாயம். அதுவரை, தூசி ரோட்டில் தினமும் ஓடும் பழைய வண்டிக்கு 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம் என்று ஓனரே வைத்துக்கொள்ளலாம். மாதம் 300 கி.மீ. மட்டும் ஓடும் அப்பாவின் வண்டிக்கும் மாதக் கணக்கு பொருந்தும். கடைத்தெரு வரை போய் வருவதில் இன்ஜின் முழுதாகச் சூடாகாது. ஈரமும் எரியாத எரிபொருளும் ஆயிலிலேயே தங்கிவிடும்.

ஏர் ஃபில்டரை வேகமாக ஏர் அடித்து மறுபடி மாட்டும் பழக்கமும் நிறுத்த வேண்டிய ஒன்று. காகித மடிப்பு கிழிந்தால் வெளியிலிருந்து தெரியாது. புது ஃபில்டர் சில நூறு ரூபாய். ரிங் போய் இன்ஜினைப் பிரித்தால் பில் பல பத்தாயிரங்களில் நிற்கும். 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. வண்டியை வைத்திருப்பதா விற்பதா என்று குடும்பமே யோசிக்கும் நேரத்தில் இன்ஜின் செலவும் சேர்ந்தால் முடிவு தானாகவே வந்துவிடும்.

நிறத்தை நம்பாதீங்க

டீசல் வண்டியில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். அது கரி, ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். கறுப்பாக இருக்கிறதே என்று பயப்படவும் வேண்டாம், தெளிவாக இருக்கிறதே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். பால் கலந்த காபி மாதிரி இருந்தால்தான் கவலை. கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியது அளவு. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவலாம். மல்டிஜெட்டில் மொத்தமே சுமார் 3 லிட்டர் ஆயில்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு காலி என்று அர்த்தம். வார இறுதியில் ஊருக்குப் போகும்போது இதைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகுமா?

நிறுத்தி எடுக்கும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல் மீது சந்தேகப்படலாம். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங் அல்லது டர்போ. கெட்டி ஆயில் இந்தப் புகையைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 75,000 மைல், அதாவது சுமார் 1.2 லட்சம் கி.மீ. தாண்டிய கார்களுக்கென்று 'ஹை மைலேஜ்' ஆயில் தனியாகவே விற்கிறார்கள். இறுகிப்போன ரப்பர் சீலை அது மிருதுவாக்கும். தேய்ந்த ரிங்கை வளர்த்துத் தராது.

கடைசியாக, வடித்த ஆயில். நம் ஊரில் அது சென்டரிங் பலகைக்குப் போகும், இல்லையென்றால் ஒர்க்‌ஷாப் வாசல் மண்ணுக்கு. சட்டப்படி அது அபாயகரமான கழிவு. பயன்படுத்திய ஆயிலைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு 2024 ஏப்ரல் முதல் தயாரிப்பாளர்களுக்கும் உண்டு. டப்பாவை வாங்கும்போதே "பழைய ஆயில் எங்கண்ணே போகுது?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். காலி டப்பாவையும் அப்படியே விட்டுவராமல் ஓட்டை போட்டுவிட்டு வருவது நல்லது. போலி ஆயில் அடைக்க அந்த டப்பாக்களைத்தான் தேடுவார்கள்.