மே மாதத்து ஆலய வளாகம்

கரூரிலும் தாராபுரத்திலும் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் வளர்த்த சபைகள் 1947இல் சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. லண்டன் மிஷன் வழிவந்த கோவை, ஈரோடு சபைகளோடு இன்று அவை ஒரே குடும்பம். மே மாதம் வந்தால் அங்கெல்லாம் வி.பி.எஸ். எனும் விடுமுறை வேதாகமப் பள்ளி களைகட்டும். செய்கைப் பாட்டு, மனப்பாட வசனம், காகிதக் கைவேலை, நடுவே பிஸ்கட்டும் ரஸ்னாவும். சின்னப் பிள்ளைகளைவிட அதிகம் கற்பவர்கள், அவர்களுக்குக் கதை சொல்லும் கல்லூரி வயது அண்ணன்களும் அக்காக்களும்தான் என்பேன். நூறு பிள்ளைகளை அடக்கி உட்காரவைப்பதும், அழும் குழந்தையைத் தேற்றுவதும் எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது? கோச்சிங் வகுப்புகளுக்காக இந்த நாட்களைச் சுருக்கச் சொல்லும் பெற்றோருக்குச் சபைகள் இணங்கக் கூடாது. வேண்டுமானால் காலை எட்டரைக்கே தொடங்கி, வெயில் ஏறுமுன் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பலாம்.