முருங்கைக்காய்க் கடையில் ஒரு வரலாற்று வகுப்பு

தில்லியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். 1947 பிரிவினைப் பாடத்தில், மக்கள் இரு பக்கமும் இடம்பெயர்ந்ததைக் காட்ட, வரைபடத்தின் மேல் இரண்டு அம்புக்குறி போடுவோம். பிள்ளைகளும் அதையே பரீட்சையில் போட்டு மார்க் வாங்குவார்கள். 2022இல் அந்த அத்தியாயத்தையே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து என்.சி.இ.ஆர்.டி. தூக்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியிட்ட தனிக் கையேட்டிலோ பழி யார் மேல் என்பதுதான் பெரிய பேச்சு. ஊரைவிட்டு வந்தவர்கள் அதன்பின் எப்படிப் பிழைத்தார்கள்? பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

அதற்கு நல்ல வகுப்பறை ஐ.என்.ஏ. மார்க்கெட். பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டு வந்த பஞ்சாபிக் குடும்பங்கள் காலூன்றிய சந்தை அது. 1951 கணக்கெடுப்பின்போது தில்லியில் ஏறக்குறைய ஐந்து லட்சம் அகதிகள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் விற்கிறார்கள். சுற்றிலும் அரசு குவார்ட்டர்ஸ்; அங்கே வந்து சேர்ந்த தமிழர்களும் மலையாளிகளும் கேட்டதை அவர்கள் தருவித்தார்கள். "அம்மா, நல்ல காய், நாட்டுக்காய்" என்று கடைக்காரர் தமிழில் சொல்லிவிட்டு, கணக்கை மட்டும் பஞ்சாபியில் போடுவார். (மீன்காரரிடம் வஞ்சிரம் கேட்டால் விலையை எந்த மொழியில் சொன்னாலும் வலிக்கும்.)

மார்க்கெட்டுக்கு மோகன் சிங் பெயரும் உண்டு. 1942இல் இந்திய தேசிய ராணுவத்தை (ஐ.என்.ஏ.) தொடங்கியவர், சியால்கோட் பக்கத்தில் பிறந்தவர். அவர் ஊரும் 1947இல் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. 1943இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமி தலைமையில் உருவான ஜான்சி ராணி படையில் பெரும்பாலோர் மலேயா ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணை மிதித்தே இராதவர்களும் அதில் இருந்தார்கள். இவ்வளவும் நம் பிள்ளைகள் மெட்ரோவில் தினமும் கடக்கும் ஒரு ஸ்டேஷன் பெயருக்குள் கிடக்கிறது.

தமிழர்கள் நாம், ஊரைவிட்டு வந்து பிழைத்த கதையை அடுத்தவர் கதையாகப் படிப்பதுதான் எனக்கு ஆற்றாமை. தலைநகர் தில்லிக்கு மாறியபோது குமாஸ்தாக்களாக வந்த தாத்தாக்களைப் பற்றிப் பெருமை பேசுவோம். பாராபுல்லா கால்வாய் ஓரம், ஜங்புராவின் மதராசி கேம்ப்பில் தலைமுறைகளாக வாழ்ந்து, நம் வீடுகளில் பாத்திரம் தேய்த்த தமிழர்களை அந்தக் கதையில் சேர்த்ததில்லை. 2025 ஜூன் 1 அன்று அங்கிருந்த சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் மாற்று வீட்டுக்கு அப்போது தகுதி பெற்றவை 189 குடும்பங்கள்தாம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை.

தில்லித் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். லட்சுமிபாய் நகர்ப் பள்ளியிலிருந்து மார்க்கெட் மிக அருகில். ஒரு சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்பை அழைத்துப்போங்கள். கடைக்காரரிடம் அவர் தாத்தாவின் ஊரைக் கேட்கட்டும். பிறகு தங்கள் வீட்டிலும், வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் அதே கேள்வியைக் கேட்டு எழுதிவரட்டும். அதற்கும் மார்க் போடுங்கள்.