பெயரிட்டோரும் பங்கிழந்தோரும்

கலைப்பீட மாணவனுக்கு நுண்ணங்கிகளின் பாகுபாட்டில் என்ன அக்கறை எனச் சிலர் வினவலாம். பெயரிடுதல் நிகழும் இடத்திலெல்லாம் உரிமை பற்றிய வினாவும் எழுகின்றது என்பதே எமது விடை.

1964ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவிலிருந்து சென்ற மருத்துவ ஆய்வுக் குழுவொன்று, பசிபிக் சமுத்திரத்திலே சிலியின் ஆட்சிக்குட்பட்ட ராபா நூயித் தீவில் மண் மாதிரிகளைச் சேகரித்தது. அம்மண்ணில் வாழ்ந்த பற்றீரியா ஒன்றிலிருந்து, மொன்றியல் நகரின் மருந்துக் கம்பனி ஆய்வுகூடமொன்றில் ராபமைசின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குரிய மருந்தாக அது 1999இல் ஐக்கிய அமெரிக்காவின் அங்கீகாரம் பெற்றது. மருந்தின் பெயரில் தீவின் பெயர் ஒலிக்கின்றது. மருந்து ஈட்டிய செல்வத்திலோ தீவு மக்களுக்குப் பங்கில்லை.

ஸ்ரெப்ரோமைசிஸ் ஹைக்ரோஸ்கொபிக்கஸ் என முதலில் வகைப்படுத்தப்பட்ட அக்குலவகை, 2008இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்டு ஸ்ரெப்ரோமைசிஸ் ராபமைசினிக்கஸ் எனப் பெயர் பெற்றது. பிறந்த மண்ணால் அன்றி, விலைபோன பண்டத்தால் அதற்குப் பெயர் வாய்த்தது! 2013இல் அதன் மரபணுத்தொகுதியின் வரிசை வெளியிடப்பட்டது. ஏறத்தாழ ஒரு கோடியே 27 இலட்சம் கார இணைகளைக் கொண்ட அத்தொகுதியில், ராபமைசின் போன்ற பொருள்களை ஆக்கவல்ல மரபணுக் கூட்டங்கள் 48 இனங்காணப்பட்டன. நாளைய மருந்துகளும் அவற்றுள் உறங்கக்கூடும்.

"விஞ்ஞானம் உலகப் பொதுச்சொத்து, வரிசை எவர்க்கும் திறந்தே உள்ளது" என்பர். மெய்தான். ஆயின், திறந்த கதவினுள் நுழைந்து மருந்து செய்து காப்புரிமை பெறும் ஆய்வுகூடமும் மூலதனமும் எவரிடம் உள்ளன? அறிவு பொதுவெனின் ஆதாயம் மட்டும் தனியுடைமையாவது எவ்வாறு?

2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா உடன்படிக்கை, உயிர்ப்பொருளை எடுத்துச் செல்வோர் பயனைப் பகிரவேண்டும் என்றது. இன்றோ மண்ணை எடுத்துச் செல்லவேண்டிய தேவையே இல்லை. கணினியில் வரிசை இருந்தாற் போதும். இக்குறையை நீக்க 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய நாடுகள் நிதியமொன்றுக்கு வழிவகுத்தன. எனினும் கம்பனிகள் அதற்குப் பணம் வழங்குவது அவற்றின் விருப்பத்திற்கே விடப்பட்டது.

வரிசையாக்கத்தை நாம் எதிர்க்கவில்லை. தவறான இனத்துள் அடைபட்டதைப் பிரித்தறிந்த பாகுபாட்டியலாளரின் பணி போற்றற்குரியதே. ஆனால், நுண்ணங்கியின் பரம்பரையைத் துருவி ஆராயும் விஞ்ஞானம், அது பிறந்த மண்ணின் மக்களை மறக்குமாயின் அவ்வறிவு குறைபாடுடையதே. பங்களித்தல் கம்பனிகளின் ஈகையன்று, அவர்தம் கடன். கடனைச் சட்டமே அறவிடல் வேண்டும்.