ஆடிட்டரை ஆடிட் செய்வது யார்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வண்டி கீழே இறங்கிச் சேகோ ஆலை வாசலில் நின்றதும் முதலில் எடை போடுவார்கள்; அடுத்துப் பாயிண்ட் பார்ப்பார்கள். கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதன் கணக்குத்தான் பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு இன்ன விலை என்று பேசியிருப்பதால், பாயிண்ட் இறங்கினால் விவசாயியின் கையில் விழும் பணமும் இறங்கும். பாயிண்ட் பார்க்கும் கருவி ஆலையினுடையது. பார்ப்பவரும் ஆலையின் ஆள். ஒருமுறை நான் அப்பாவுடன் போயிருந்தபோது, சீட்டை வாங்கி மடித்துக்கொண்டே அவர் கேட்டார்: "நம்ம கிழங்க அவங்க பாக்கறாங்க. அவங்க பாக்கறத யாரு பாக்கறது?"

பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத என் அப்பா கேட்ட இந்தக் கேள்வியைத்தான், பெரிய பெரிய கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்யும் பட்டயக் கணக்காளர்களைப் பற்றி நாடுகளும் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்பது கல்லூரிக்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. வேதியியல் படிப்பவனுக்கு ஆடிட்டர்களைப் பற்றி என்ன கவலை என்று வணிகவியல் துறை நண்பர்கள் சிரிக்கலாம். எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. அதை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

அம்மாவின் மகளிர் குழுவில் 12 பேர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான் என்பதால், பிளஸ் டூ படித்த நாளிலேயே குழுவின் கணக்கு நோட்டு என் கைக்கு வந்துவிட்டது. குழுவில் கடன் வாங்கியிருந்த என் சின்னம்மா, இரண்டு தவணை கட்டாமல் மிளகு பறிக்கும் வேலைக்காகக் கேரளத்துக்குப் போய்விட்டார். வந்ததும் கட்டிவிடுவார் என்ற நம்பிக்கையில், தவணைக்கு 1,200 வீதம் இரண்டையும் வரவு வைத்து, பேங்க்கில் செலுத்தியதாகவும் எழுதிவிட்டேன். திருட வேண்டும் என்று எழுதவில்லை. உறவுக்காரரின் பெயர் கூட்டத்தில் கெட்டுவிடக் கூடாதே என்று எழுதினேன். மார்ச் முடிவில் என் நோட்டில் பேங்க் இருப்பு 14,260 ரூபாய். பேங்க்கில் இருந்ததோ 11,860.

கூட்டமைப்பின் கணக்கோடு எங்கள் குழுவின் கணக்கையும் பார்க்க ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒரு பயிற்சி மாணவர் வந்தார். இரண்டு பஸ் மாறி மலையேறி வந்தவர். அன்று இன்னும் ஆறு குழுக்களைப் பார்க்க வேண்டியிருந்தது. கூட்டல்களைச் சரிபார்த்தார். பச்சை மையால் டிக் போட்டார். தீர்மான நோட்டில் கையெழுத்துகளை எண்ணினார். பாஸ்புக் பதிவுக்காகக் கீழே பேங்க்கில் இருந்தது. "அப்படீன்னா பேங்க் இருப்பை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். சில வாரங்களில் முத்திரையுடன் தாள் வந்தது: கணக்குகள் சரியாக உள்ளன.

அடுத்த மாதம் குழுக்கள் தங்களுக்குள் நோட்டு மாற்றிப் பார்க்கும் ஏற்பாடு நடந்தது. பக்கத்து ஊர்க் குழுவுக்குக் கணக்கு எழுதும் அக்கா ஒருவர் எங்கள் நோட்டை எடுத்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கூட்டலைப் பார்க்கவே இல்லை. "தம்பி, பாஸ்புக் எங்க?" என்று மட்டும் கேட்டார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்தது. கூட்டத்தில் 12 பேர் முன்னாலும் அதைப் படித்தார். அம்மா தலை நிமிரவில்லை. மறுவாரம் ஓர் ஆட்டை விற்று அந்த 2,400 ரூபாயைக் கட்டினார். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு பாட்டி மட்டும் முத்திரைத் தாளைக் காட்டிக் கேட்டார்: "இதுல கையெழுத்துப் போட்டவரும் படிச்சவருதானே?"

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் வணிகவியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் போய் நின்றேன். அவர் சத்யம் கம்பெனியின் கதையைச் சொன்னார். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30ஆம் நாள் கணக்கில் ரொக்கமும் பேங்க் இருப்புமாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். பல ஆண்டுகளாக அந்தக் கணக்குக்குக் கையெழுத்திட்டு வந்தது பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற உலகப் புகழ் பெற்ற பெயரைத் தாங்கிய நிறுவனம். பேங்க் இருப்பைப் பற்றி ஆடிட்டர் நேராக பேங்க்குக்குக் கடிதம் எழுத வேண்டும். பதிலும் நேராக ஆடிட்டர் கைக்கே வர வேண்டும். இது தொழிலின் பாலபாடம். அங்கே கடிதம் போவதும் வருவதும் கம்பெனியின் கை வழியாகவே நடந்தன. 2011 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அந்தக் குழும நிறுவனங்களுக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தபோது, இது சத்யத்தில் மட்டும் நேர்ந்த தவறன்று, நிறுவனம் முழுவதிலும் இருந்த தரக்கட்டுப்பாட்டுக் கோளாறு என்று சொன்னது. நிறுவனங்கள் அதை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை, பணத்தைக் கட்டின.

நான் எழுதிக் கொடுத்த தாளுக்கும் அந்தக் கடிதங்களுக்கும் தொகையில்தான் வேறுபாடு என்று எண்ணியபோது எனக்குக் கூச்சமாக இருந்தது.

இத்தகைய கோளாறுகளைக் கண்டுபிடிக்கவே 'பியர் ரிவியூ' என்னும் சக தொழிலர் ஆய்வு இருக்கிறது. 1949இல் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் இதற்கென்று 2002இல் ஒரு வாரியத்தை ஏற்படுத்தியது. ஒரு தணிக்கை நிறுவனத்துக்கு வேறொரு பட்டயக் கணக்காளர் வருகிறார். முடிந்துபோன தணிக்கைகள் சிலவற்றின் கோப்புகளைப் பார்க்கிறார். கணக்கை அவர் மறுபடி தணிக்கை செய்வதில்லை. தணிக்கை செய்த முறையைத்தான் ஆராய்கிறார். தரநெறிகளைப் பின்பற்றினார்களா, செய்ததற்கெல்லாம் தாளில் சான்று உண்டா, பயிற்சி மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று பார்த்து அறிக்கை தருகிறார். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியைத் தணிக்கை செய்ய இந்தச் சான்றிதழ் கட்டாயம். மற்ற நிறுவனங்களையும் படிப்படியாக இதில் சேர்க்கக் கழகம் திட்டமிட்டது. பின்கட்டங்களுக்கான நாள்கள் ஒரு முறைக்கு மேல் தள்ளி வைக்கப்பட்டன.

சக தொழிலர் சக தொழிலரைப் பார்ப்பதில் பயனில்லை என்று சொல்வோர் உண்டு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே என்பார்கள். அவர்கள் பக்கமும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் என்ரான் கம்பெனி 2001 டிசம்பரில் திவாலானது. அதன் ஆடிட்டரான ஆர்தர் ஆண்டர்சனைச் சக ஆய்வு செய்த டெலாய்ட், ஏறத்தாழ அதே நாள்களில் அந்நிறுவனத்துக்கு நற்சான்று வழங்கியிருந்தது! மறு ஆண்டே அந்நாடு சட்டம் இயற்றி, பொதுமக்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளின் ஆடிட்டர்களைச் சோதிக்கும் பொறுப்பைத் தொழிலாரிடமிருந்து எடுத்துத் தனி வாரியத்திடம் கொடுத்துவிட்டது.

ஆனால் என் அனுபவம் என்னை அவர்களோடு முழுதும் ஒத்துப்போக விடவில்லை. பயிற்சி மாணவர் காணாததை அந்த அக்கா எப்படிக் கண்டார்? பின்னொரு நாள் அவரிடமே கேட்டேன். "நானும் ஒரு தடவ அப்படி எழுதினவதான் தம்பி" என்று சிரித்தார். குறுக்கு வழி எங்கே பிரிகிறது என்று அதே பாதையில் நடந்தவருக்குத்தான் தெரியும். பியூரெட் அளவுகள் ஒத்துவராதபோது மூன்றாவது அளவை நாமே 'ஒத்துவரச்' செய்து எழுதும் கலை நம் ஆய்வகத்தில் யாருக்குத் தெரியாது? அதை நம் ரெக்கார்டு நோட்டில் கண்டுபிடிக்க வேதியியல் பேராசிரியரால் முடியும். தமிழ்ப் பேராசிரியரால் முடியுமா? ஆகவே சக தொழிலர் ஆய்வு வேண்டும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அக்கா கண்டதை எங்கள் 12 பேரும் கேட்டார்கள், பணம் அவர்களுடையது. பட்டயக் கணக்காளரின் சக ஆய்வில் கண்டதோ ஆய்வாளர், வாரியம், அந்த நிறுவனம் ஆகியோருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. சான்றிதழ் பெற்றவர் யார் என்பது மட்டுமே வெளியே தெரிகிறது. என்ன குறை இருந்தது, அது திருத்தப்பட்டதா என்பது தெரிவதில்லை. வாடிக்கையாளரின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது நியாயமே. ஆனால் கம்பெனியின் ரகசியத்தைச் சொல்லாமலே ஆடிட்டரின் குறையைச் சொல்ல முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2018 அக்டோபரில் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையம், பெரிய தணிக்கை நிறுவனங்களைத் தானே சோதித்து, 2023 டிசம்பர் முதல் அந்த அறிக்கைகளை இணையத்தில் எல்லோரும் படிக்க வெளியிடுகிறது. அதன் பார்வையில் வருபவை பங்குச் சந்தைக் கம்பெனிகளும் மிகப் பெரிய கம்பெனிகளுமே. வெள்ளிமலைக் குழுக்களின் கணக்குத் தாளில் கையெழுத்திடும் அலுவலகத்துக்கு அந்த வெளிச்சம் எட்டாது.

சிறிய ஊரில் தனியாகத் தொழில் நடத்தும் ஆடிட்டர், கிடைக்கும் சொற்பக் கட்டணத்தில் ஆய்வுச் செலவையும் ஏற்க வேண்டுமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு நாளில் ஏழு குழுக்களைப் பார் என்று ஒரு மாணவரை மலைக்கு அனுப்பும் கட்டணத்தில் நல்ல தணிக்கை நடக்காது. அந்தச் செலவில் ஒரு பங்கை அரசே ஏற்பது தகும். அப்படி ஏற்றால், அந்த அலுவலகங்களின் ஆய்வு முடிவைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதிக் கூட்டமைப்பின் சுவரில் ஒட்டச் சொல்லும் உரிமையும் அரசுக்கு வந்துவிடும். ஆய்வுக்கு வருபவர் எடுக்கும் முதல் தாள் பேங்க்கிலிருந்து நேராக வந்த கடிதமாக இருக்கட்டும் என்பேன். கூட்டல் சரியா என்பதைக் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் குழுவில் நோட்டு மாற்றிப் பார்ப்பது இன்றும் நடக்கிறது. விடுதியிலிருந்து வீட்டுக்குப் போகும் சனிக்கிழமைகளில் அக்காவின் நோட்டு என்னிடம் வரும். சென்ற மாதம் அதில் 50 ரூபாய் வித்தியாசம் கண்டேன். அரை மணி நேரம் என்னோடு சண்டை போட்டார். பிறகு பாஸ்புக்கை எடுத்து வந்தார்.