பட்டனை அமுக்குறவன் கண்ணு எங்கே இருக்கணும்?

"பாட்டை அமுக்குறதுக்கு ஒரு ஆளா? அதுக்குச் சம்பளம் வேறயா?" என்று கிளாஸில் ஒருத்தன் கேட்டான். சனி, ஞாயிறு நான் ஒரு டிஜே அண்ணனுக்கு எடுபிடியாகப் போவது தெரிந்துதான் இந்த நக்கல். கோபம் வரவில்லை மக்களே. ஏனென்றால் இந்தத் தொழிலில் இருக்கிற நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் சண்டை அவர்களோடுதான்.

புதுச்சேரியில் ரிசப்ஷன் என்றால் இப்போது 'என்ட்ரி' தான் எல்லாம். மாப்பிள்ளையின் நண்பர்கள், பொண்ணோட தோழிகள், ரெண்டு பக்கத்துப் பெற்றோர், கடைசியில் ஜோடி என்று வரிசையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தால் பிரெஞ்சிலும் ஒரு தடவை. ஆளுக்கு ஒரு பாட்டுத் துண்டு. முப்பது நொடிக்கு வெட்டி, வரிசையாக அடுக்கி, தொடங்க வேண்டிய இடத்தில் குறி வைத்துவிடுவோம். பேர் சொன்னதும் பட்டன். தரையில் புகை, ரெண்டு பக்கமும் மத்தாப்பு. வேலை இவ்வளவுதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு சனிக்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு அண்ணன் வேறு மண்டபத்தில். லேப்டாப் என் கையில். பொண்ணு வீட்டு லிஸ்ட்டில் பெற்றோர் இடத்தில் சித்தப்பா, சித்தி பேர் இருந்தது. பொண்ணு வரும்போது 2013இல் வந்த 'தங்கமீன்கள்' படத்து அப்பா-மகள் பாட்டு. பென்டிரைவில் வந்தது, போட்டேன். பொண்ணு பாதி வழியில் நின்றுவிட்டது. அப்பா இறந்து ரெண்டு வருஷம் ஆகியிருக்கிறது. அம்மா உயிரோடு, அதே மண்டபத்தில், மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தாலி இல்லாதவர் என்பதால் லிஸ்ட்டில் இல்லை. பொண்ணு அவரைத்தான் தேடியது. அதற்குள் என் முப்பது நொடி முடிந்துவிட்டது. மண்டபமே நிசப்தம். மைக்கில் "பொண்ணுக்கு வெட்கம்" என்று ஒரு ஜோக் வேறு. பயத்தில் அடுத்த பட்டனை அமுக்கினேன். மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு வைத்திருந்த குத்துப்பாட்டு...

"லிஸ்ட்ல இருந்ததைத் தானே போட்ட" என்று அண்ணன் சமாதானம் சொன்னார். அதுதான் பிரச்சினையே!

மறுநாள் விடிகாலை ஒயர் சுருட்டப் போனேன். முகூர்த்தம் நடந்துகொண்டிருந்தது. தாலித் தட்டு சபையைச் சுற்றி வருகிறது. ஒரு பாட்டி கண்ணை மூடி வேண்டிக்கொண்டு நின்றால் அங்கே ஒரு நிமிஷம் போகும். எத்தனை மணி எத்தனை நொடிக்கு முடிச்சு விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. தவில்காரரின் கை வாசிக்கிறது, கண் மணமேடையிலேயே இருக்கிறது. ஐயர் விரலை ஆட்டினார், கெட்டிமேளம் இடித்தது. இம்மி பிசகவில்லை. தும்மலோ அழுகையோ அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம் என்பார்கள். சகுனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் தொழிலின் இலக்கணம் அதில் இருக்கிறது: காரியம் முன்னால், மேளம் பின்னால். நாங்கள் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். பாட்டு முடிவதற்குள் தாத்தா கைத்தடியோடு ஓட வேண்டும்.

யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று பார்த்து வாசிப்பதும் நமக்குப் புதுசு இல்லை. கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி வாசிப்பார்கள். தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி என்று தனித்தனியாக உண்டு.

"வெள்ளைக்காரன் பாணிப்பா இது" என்பவர்களுக்கும் ஒரு சேதி. பொண்ணு உள்ளே வரும்போது உலகமே போடும் அந்த வாக்னர் இசை, 1850இல் மேடையேறிய 'லோஹென்கிரின்' ஓபராவில் வருவது. அதில் அது கல்யாணத்துக்கு முன்னால் வருவதில்லை. முடிந்த பிறகு, ஜோடியைப் படுக்கையறைக்கு அனுப்பும்போது வருகிறது. அன்று ராத்திரியே அந்த ஜோடி பிரிந்தும்விடுகிறது! கதை தெரியாமல் பாட்டுப் போடுவது எங்கள் ஊர் வியாதி மட்டும் இல்லை.

"அவங்க காசு, அவங்க சந்தோஷம், உனக்கென்ன?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். குத்துப்பாட்டும் வேண்டும், புகையும் வேண்டும், நானே ஆடுவேன். ஆனால் காசு கொடுத்து லிஸ்ட் எழுதியவர் வேறு, அந்த நடைபாதையில் நடக்கப்போகிறவர் வேறு. நடக்கிறவரை ஒரு வார்த்தை கேட்காத டிஜே கூலிக்குப் பட்டன் அமுக்குகிறவன்தான். கிளாஸில் கேட்டவன் சொன்னது சரியாகிவிடும்.

கேட்பது பெரிய காரியமும் இல்லை. கல்யாணப் பொண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் நேராகப் பேசி "யாரு கூட வர்றீங்க, எந்தப் பாட்டு வேண்டாம்" என்று கேட்கலாம். வாசலிலிருந்து மேடைக்கு ஒரு தடவை நடந்து பார்த்து நேரம் எடுக்கலாம். எந்த இடத்திலும் சுற்றிச் சுற்றி ஓடக்கூடிய, வார்த்தை இல்லாத ஒரு இசையைத் தயாராக வைக்கலாம். வாசலில் ஒரு ஆளை நிறுத்தி, அவர் கையைத் தூக்கினால்தான் பாட்டு என்று வைக்கலாம். மேசையை மூலையில் போடாமல் வாசல் தெரிகிற மாதிரி போடலாம். செலவு? ஒரு டீ.

இன்னொன்று. "அம்மா பேர் லிஸ்ட்ல இல்லையே, விட்டுப்போச்சா?" என்று வெகுளியாகக் கேட்க நம்மால் முடியும். வெளியாள் கேட்டால் பல வீடுகளில் பேனாவை எடுத்துச் சேர்த்துவிடுவார்கள் என்றே நம்புகிறேன். கைம்பெண்களுக்காகப் பாடிய பாரதிதாசன் 1891இல் பிறந்த ஊர் இது. அந்த ஊரில் பெத்த தாய் மூணாவது வரிசையில் உட்கார வேண்டியிருக்கிறது. அதற்கு நான் பின்னணி இசை போட்டிருக்கிறேன்.

அன்று கெட்டிமேளம் முழங்கியபோது அந்த அம்மா ஒரு தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் அட்சதை இருந்தது. அங்கிருந்தே போட்டார். மேடை வரைக்கும் வந்து விழவில்லை.

பி.கு.: "பாட்டுக்கு லைசென்ஸ் வாங்கினியா?" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(za) பிரிவு கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணக் கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் அதை விளக்கி அறிவிப்பு வெளியிட்டது. ராத்திரி பத்து மணி விஷயம் வேறு. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஸ்பீக்கர் கூடாது. மொட்டை மாடி ரிசப்ஷன் வைக்கிற புண்ணியவான்கள் கவனிக்க :-)