சித்திரத்தைச் சேவிக்கும் முறை

தளவாய்புரம் முதலிய ஊர்களிலிருந்து இராஜபாளையம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று ஆண்டாளைச் சேவிக்கும் அன்பர்கள் பலர். அங்கே கருவறையைச் சூழ்ந்த முதற்பிராகாரத்தில் 108 திவ்யதேசங்களும் சித்திரங்களாக விளங்குகின்றன. முதுமையால் நெடும்பயணம் செய்ய இயலாதவர்க்கு அப்பிராகாரமே ஒரு திவ்யதேச யாத்திரை. ஆயினும் கண்டதைச் சொல்லும்படி கேட்டால், "படங்கள் அழகாக இருந்தன" என்பதற்கு மேல் பலருக்கும் சொல் எழுவதில்லை.

அதற்குரிய சொற்கள் பக்தர்களின் நாவில் முன்பே உள்ளன. அவற்றை வரிசைப்படுத்திக்கொண்டால் போதும்.

முதலில் திருக்கோலம். நின்ற, இருந்த, கிடந்த என மூன்று. ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற கோலம். வரகுணமங்கையில் இருந்த கோலம். திருப்புளிங்குடியில் கிடந்த கோலம்.

அடுத்து மெய்ந்நிலை. திருமேனி வளையாது நேராக நின்றால் சமபங்கம். சற்றே ஒசிந்து நின்றால் அபங்கம். தலை, இடை, கால் என மூன்றிடத்தில் வளைந்தால் திரிபங்கம். குழலூதும் கண்ணன் பெரும்பாலும் திரிபங்கமாகவே நிற்பான்.

மூன்றாவது திருக்கரம். விரல்கள் மேல்நோக்கி, உள்ளங்கை நம்மை நோக்கினால் அபயம். விரல்கள் கீழ்நோக்கினால் வரதம். திருவேங்கடமுடையானின் மேற்கரங்களில் சங்கு சக்கரம். கீழ் வலக்கரம் வரதம். இடக்கரம் இடையருகே பொருந்தியிருக்கும்.

நான்காவது கோடும் வண்ணமும். செங்காவி, மஞ்சட்காவி, கரிய மை, சுண்ணாம்பு வெண்மை ஆகியவை பழைய சுவரோவியங்களில் மிகுதி. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரம், வண்ணச் செறிவில் பொதுமக்கள் மகிழ்வர் என்றும், ஆசான்கள் கோட்டின் திறத்தையே போற்றுவர் என்றும் கூறுகிறது. ஆதலால் வண்ணத்தைக் கண்டபின், புருவமும் விரல்நுனியும் எத்தனை நெளிவோடு வரையப்பட்டுள்ளன என்று நோக்குதல் நலம்.

இறுதியாகப் பாவம். திருமுகத்தில் விளங்குவது கருணையா, சினமா, யோகத்தின் அமைதியா? முன் கண்ட நான்கும் சேர்ந்தே இதனை உணர்த்துகின்றன.

இவ்வாறு ஓவியத்தைச் சொல்லி மகிழ்வது தமிழர்க்குப் பழைய வழக்கம். முருகப்பெருமானின் திருப்பரங்குன்றத்தைப் பாடும் பரிபாடலின் 19ஆம் பாடலில், அங்குள்ள ஓவியங்களைக் கண்டவர்கள் இவர் யார், அவர் யார் என்று வினவுகின்றனர். அறிந்தவர்கள் விடை கூறுகின்றனர். இரதியும் காமனும், அகலிகையும் கௌதமரும், பூனை வடிவெடுத்த இந்திரனும் அங்கே அடையாளம் காட்டப்படுகின்றனர். கேட்பாரும் சொல்வாருமாக அந்த ஓவியக்கூடம் ஒரு பள்ளிக்கூடமாயிற்று.

அந்தச் சொல் குறைந்த இடங்களில் ஓவியமும் குறைந்தது. தமிழகக் கோயில்கள் பலவற்றில் பழஞ்சித்திரங்கள் விளக்குப் புகையாலும் மழைநீர்க் கசிவாலும் மங்கின. பல, திருப்பணியின்போது பக்தியோடு பூசப்பட்ட சுண்ணாம்பின் அடியில் மறைந்தன. அழுக்குப் படிந்த சுவர் என்று எண்ணியவர்களிடம், இது இன்ன பெருமாள், இன்ன கோலம் என்று எடுத்துரைக்க அருகில் ஒருவர் இல்லாமற் போனதும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்தமுறை பிராகாரத்தை விரைந்து வலம் வந்துவிடாமல், ஒரேயொரு சித்திரத்தின் முன் நின்று, கோலம், மெய்ந்நிலை, கரம், கோடும் வண்ணமும், பாவம் என்ற வரிசையில் உடன்வரும் பேரக்குழந்தைக்குச் சொல்லலாம். ஒரு தரிசனத்துக்கு ஒரு சித்திரம் போதும்.