மட்டை பிடித்த கைக்குக் கூலி கிடையாதா?

கடையம் கடைத்தெருவில் நமது பத்திரிகையை விற்றுக்கொண்டு நின்றபோது விவசாயத் தொழிலாளி ஒருவர் கேட்டார்: "தோழர், எம் மவன் கோவில்பட்டிக்குப் போயி ஹாக்கி படிக்கணும்ங்கான். கம்பைப் பிடிச்சா கஞ்சி கிடைக்குமா?"

நியாயமான கேள்வி. தன்ராஜ் பிள்ளையின் கதையை அவருக்குச் சொன்னோம்.

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 1968-ல் புனே அருகே கட்கியில் பிறந்தவர். தகப்பனார் அங்குள்ள ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் மைதானத்தைப் பராமரிக்கும் ஊழியர். ஒடிந்த மட்டைகளையும், பிறர் கழித்துப் போட்ட பந்துகளையும் வைத்துக் காலனிப் புழுதியில்தான் தன்ராஜும் சகோதரர்களும் ஆட்டம் பழகினார்கள். 1989-ல் இந்திய அணியில் சேர்ந்தார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, 339 சர்வதேசப் பந்தயங்கள்! பிரான்சிலும் ஜெர்மனியிலும் மலேசியாவிலும் கிளப்புகள் அவரை அழைத்து ஆடவைத்தன.

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தென்கொரியாவை வென்று தங்கம் பெற்றது. 1966-க்குப் பிறகு, 32 ஆண்டுகள் கழித்து வந்த தங்கம்! அடுத்து நடந்தது என்ன? அணித் தேர்வில் தன்ராஜும் இல்லை, மூத்த ஆட்டக்காரர்கள் அறுவரும் இல்லை. ஓய்வு கொடுத்திருப்பதாக அதிகாரிகள் சொன்னார்கள். வசதிக் குறைவையும், வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் தரவேண்டிய பணம் தராததையும் அவர் பகிரங்கமாகக் கண்டித்ததற்குப் பழிவாங்கல் இது என்றே பலரும் கருதினார்கள். சங்கம் வைத்தவனை 'ஆள் அதிகம்' என்று வாசலில் நிறுத்துவதை மில் தொழிலாளர்கள் அறியாதவர்களா?

அவர் கோபக்காரராம்! பெரிய பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. உழைத்தவன் கூலி கேட்டால் அதற்குப் பெயர் கோபமா?

கடல் கடந்தும் இதே கதைதான். கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹாக்கி உண்டு. ஆட்டக்காரர்களை வைத்து முதலாளிகள் லாபம் பார்க்கும் தொழில் அது. டெட்ராய்ட் அணியின் நட்சத்திர வீரர் டெட் லிண்ட்சே, 1957-ல் சக ஆட்டக்காரர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார். பென்ஷன் நிதிக்குக் கணக்குக் கேட்டார்கள். அதே ஆண்டு, கடைசி இடத்தில் கிடந்த சிகாகோ அணிக்கு அவரைத் தள்ளிவிட்டார்கள். 1958-ல் சங்கம் கலைந்தது. ஆனால் 1967-ல் ஆட்டக்காரர்கள் மறுபடியும் சங்கம் கண்டார்கள். முதலாளிகள் அதை அங்கீகரிக்க வேண்டியதாயிற்று.

தன்ராஜும் ஓயவில்லை. அணிக்குத் திரும்பி, 2003-ல் ஆசியக் கோப்பையை வென்ற அணிக்கும் தலைமை தாங்கினார்.

பையனை அனுப்பச் சொன்னோம். மட்டைக்கும் காலணிக்கும் பஸ் கட்டணத்துக்கும் என்ன வழி என்று ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டத்தில் பேச இருக்கிறோம்.